பூசிய சுவரும் திரும்பாத முன்பணமும்

(தில்லியில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ் உழைப்பாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தில்லியில் வீடு மாறுகின்ற ஒரு குடும்பத்தின் கடைசி நாளை எண்ணிப் பாருங்கள். சாமான்கள் அனைத்தும் கீழே டெம்போவில் ஏற்றப்பட்டுவிட்டன. காலியான அறையில் வீட்டுச் சொந்தக்காரர் மெதுவாக நடக்கிறார். சுவரில் ஆணி அடித்த துளையைத் தொட்டுப் பார்க்கிறார். குளியலறைக் குழாயைத் திறந்து மூடுகிறார். ஜன்னல் கண்ணாடியின் மூலையில் உள்ள கீறலைச் சுட்டிக்காட்டுகிறார். டெம்போ ஓட்டுநர் கீழிருந்து ஹாரன் அடிக்கிறார். புதிய வீட்டுக்காரருக்கு அன்று மாலைக்குள் முன்பணம் கொடுத்தாக வேண்டும். அந்த முன்பணம் பழைய வீட்டுக்காரரின் கையில் இருக்கிறது. பேச்சுவார்த்தை எங்கே முடியும் என்பது அந்த நிமிடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இது எடுத்துக்காட்டுக்காகக் கற்பித்த கணக்குதான்; ஆயினும் இங்கு அமர்ந்திருப்போரில் பலர் இதில் தங்கள் கணக்கைக் காணக்கூடும். தனியார் மருத்துவமனை ஒன்றில் வேலை செய்யும் ஒரு செவிலியர் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார். மாத வாடகை 12,000 ரூபாய். இரண்டு மாத வாடகையாகிய 24,000 ரூபாய் 'செக்யூரிட்டி'. தரகருக்குப் பதினைந்து நாள் வாடகை தனி. முதல் மழைக்காலத்திலேயே மேல்தளம் கசிந்து, படுக்கையறைச் சுவரில் தில்லிக்காரர்கள் 'சீலன்' என்று சொல்லும் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. சொந்தக்காரரிடம் சொன்னால், 'இப்போது நீங்கள் செய்துகொள்ளுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார். அவர் கொத்தனாரையும் பெயிண்டரையும் அழைத்து 7,500 ரூபாய் செலவிடுகிறார். டிசம்பரில் கீசர் பழுதாகிறது, 1,800 ரூபாய். சமையலறைத் தொட்டியின் குழாய்க்கு 700 ரூபாய். ஆக 10,000 ரூபாய். இரண்டாண்டுகள் கழித்து வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிக்க 9,000, சுத்தம் செய்ய 2,000, மின்கட்டண பாக்கி 1,000 என்று பிடித்துக்கொண்டு மீதி 12,000 ரூபாய் கைக்கு வருகிறது. மின்கட்டணம் அவர் கொடுக்க வேண்டியதுதான். மற்றதைக் கூட்டினால், பிறர் சொத்தைச் செப்பனிட அவர் செலவிட்டது 10,000; செப்பனிடவில்லை என்று சொல்லி அவரிடமிருந்து எடுக்கப்பட்டது 11,000. ஏறத்தாழ இரண்டு மாத வாடகை இவ்வாறு போய்விட்டது. மேலும், அவர் பூசிய சுவர் அடுத்த வாடகைதாரருக்கு 'நன்கு பராமரிக்கப்பட்ட வீடு' என்று காட்டப்பட்டு வாடகை ஆயிரம் ரூபாய் உயர்கிறது.

இது சட்டம் இல்லாத நாடா என்று கேட்கத் தோன்றும். சட்டம் உண்டு, நல்ல சட்டமே உண்டு. அது யாருக்காக இருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய செய்தி.

தில்லியில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போரின் குழந்தை ஆகும். போர்க்காலத்தில் தலைநகருக்கு அலுவலர்களும் படையினரும் வந்து குவிந்தனர். வீட்டு வாடகை தாறுமாறாக ஏறியது. 1939இல் புதுதில்லிக்கு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. நாடு பிளவுபட்டு அகதிகள் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்த 1947இல் ஒரு சட்டம், 1952இல் மற்றொரு சட்டம் என்று தொடர்ந்து, இறுதியில் 1958ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இன்றளவும் ஏட்டில் இருப்பது அதுவே.

அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தால் வியப்பு உண்டாகும். வாடகையைத் தவிர 'பக்டி' என்றோ வேறு பெயரிலோ பணமாகவோ பொருளாகவோ எதையும் கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டிய வாடகையாகப் பெறவும் கூடாது. 26ஆம் பிரிவு, கொடுத்த வாடகைக்கு ரசீது பெறும் உரிமையை வாடகைதாரருக்குத் தருகிறது. 45ஆம் பிரிவு, குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டித்து வாடகைதாரரை விரட்டும் வழியைத் தடை செய்கிறது.

செவிலியரின் சுவருக்கு நேரடியாகப் பொருந்துவது 44ஆம் பிரிவு. வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் செப்பனிட்டு வைப்பது சொந்தக்காரரின் கடமை என்று அது ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. எழுத்துமூலம் தெரிவித்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யவில்லை என்றால், வாடகைதாரர் தாமே அதைச் செய்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஓராண்டில் கழிக்கும் தொகை, அந்த ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கை, அதாவது ஒரு மாத வாடகையை, மீறக் கூடாது. அந்தப் பழுது இருக்கும் வரை வீட்டில் குடியிருக்கவே முடியாது, இருந்தாலும் பெருந்துன்பம் என்ற நிலையாயின், செலவு மதிப்பீட்டுடன் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். அவர் சொந்தக்காரரையும் விசாரித்து அனுமதித்தால் ஆண்டு வாடகையில் பாதி வரை கழிக்கலாம். ஆறு மாத வாடகை! அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கூரை ஒழுகும் வீட்டில் வாழும் மனிதரின் துன்பத்தை எண்ணிப் பார்த்து எழுதப்பட்ட பிரிவு இது.

ஆனால் அந்தச் செவிலியருக்கு இதில் ஒரு வரிகூடப் பயன்படாது. 1988ஆம் ஆண்டு இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தக் கட்டிடத்துக்கும் சட்டம் பொருந்தாது என்ற விதி அப்போது சேர்க்கப்பட்டது. 1988இல் 3,500 ரூபாய் என்பது உயர் அதிகாரிகளும் கம்பெனிகளும் கொடுத்த வாடகை. வசதி படைத்தோருக்குப் பாதுகாப்பு எதற்கு என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். அந்தத் தொகை அன்று எழுதியது எழுதியபடியே நிற்கிறது. ஒரு ரூபாய்கூட உயர்த்தப்படவில்லை. விலைவாசியோ எங்கோ சென்றுவிட்டது. இன்று முனிர்காவிலோ கட்வாரியா சராயிலோ, மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட 'பர்சாத்தி' அறைகூட 3,500க்குக் கிடைப்பது அரிது. பணக்காரர்களை விலக்குவதற்காகப் போடப்பட்ட கோட்டின் வெளியே இன்று கூலித் தொழிலாளியும், ஒப்பந்த ஊழியரும், படிக்க வந்த மாணவரும் நிற்கின்றனர். கோட்டின் உள்ளே மிஞ்சியிருப்போரில் கணிசமானவர்கள் பழைய சந்தைகளில் பல பத்தாண்டுகளாகச் சொற்ப வாடகைக்குக் கடை வைத்திருக்கும் வணிகர்கள். 1995இல் நாடாளுமன்றம் புதிய தில்லி வாடகைச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரும் ஒப்புதல் அளித்தார். அந்த வணிகர்களின் எதிர்ப்பினால் அது ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. நிறைவேறியும் பிறக்காத சட்டம் அது. கடைக்காரர்களின் குரல் எட்டிய இடத்துக்குச் செவிலியரின் குரல் எட்டவில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனில், 3,500க்கு மேல் வாடகை கொடுப்பவருக்கு என்ன சட்டம்? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். ஆங்கிலேயர் காலத்தில் எழுதப்பட்ட இந்தச் சட்டத்தின் 108ஆம் பிரிவிலும் பழுதுபார்ப்பு பற்றிய விதி இருக்கிறது. சொந்தக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக்குப் பின்னும் செய்யாவிட்டால், வாடகைதாரர் செய்து வட்டியோடு வாடகையில் கழிக்கலாம். வாடகைதாரர் திருப்பித் தரும்போது வீடு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு: பெற்றுக்கொண்டபோது இருந்த நிலையில், ஆனால் நியாயமான தேய்மானமும் தடுக்க முடியாத சக்திகளால் ஏற்பட்ட சேதமும் நீங்கலாக. இரண்டாண்டு வாழ்ந்த வீட்டின் சுண்ணாம்பு மங்குவது தேய்மானம். மழை இறங்கிச் சுவர் ஊறியதற்கு வாடகைதாரர் பொறுப்பல்லர். இன்னொன்றும் உண்டு. தாம் செலவிட்டுப் பொருத்திய பொருள்களை, வீடு தம் வசம் இருக்கும் வரை, வீட்டைப் பழைய நிலையில் விட்டுவிட்டு வாடகைதாரர் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். சாவியைக் கொடுத்த பிறகு அந்த உரிமை இல்லை. புதிதாக வாங்கி மாட்டிய கீசரையும் மின்விசிறியையும் 'பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்று விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டியது.

இவ்வளவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு எந்தச் சொற்களோடு தொடங்குகிறது? மாறான ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாத வரையில் என்றுதான் தொடங்குகிறது. கயிறு அங்கேதான் அவிழ்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் பழுதுபார்ப்பைச் சொந்தக்காரரின் கடமை என்று தானே அறிவித்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டம், அவர் 'கடமைப்பட்ட' பழுதுகள் எவை என்பதை ஒப்பந்தத்துக்கு விட்டுவிடுகிறது. ஒப்பந்தத்தை எழுதுவது யார்? தரகரின் கணினியில் உள்ள பழைய கோப்பு. பெயரும் தொகையும் மட்டும் மாறும். 'அன்றாடப் பழுதுகள் அனைத்தும் வாடகைதாரரைச் சேர்ந்தவை', 'காலி செய்யும்போது வெள்ளையடித்துத் தர வேண்டும்', 'பதினொரு மாதம் முடியுமுன் வெளியேறினால் முன்பணம் திரும்பாது' என்று அதில் அச்சாகியிருக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தவிர்க்கவே பதினொரு மாதம். சாவி கையில் கிடைக்கும் அவசரத்தில், ஆங்கிலத்தில் உள்ள நான்கு பக்கத்தை யாரும் படிப்பதில்லை. படித்தாலும் ஒரு வரியை மாற்றும் வலிமை வாடகைதாரருக்கு இல்லை. வரிசையில் அடுத்த ஆள் நிற்கிறார்.

இருந்தாலும், கையெழுத்திட்டாயிற்று என்பதற்காக எல்லாம் முடிந்துவிடவில்லை. இந்த இடத்தில் தில்லியிலேயே எழுந்த ஒரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்வது நல்லது.

1982இல் தில்லி வளர்ச்சி ஆணையம் பிகாஜி காமா பிளேஸில் ஒரு மனையை ஏலம் விட்டது. கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் 3 கோடியே 12 லட்சம் ரூபாய்க்கு ஏலம் கேட்டு, அதில் நான்கில் ஒரு பங்காகிய 78 லட்சம் ரூபாயை முன்வைப்பாகக் கட்டியது. மீதியைக் கட்டுவதில் கால நீட்டிப்புகள், கடிதப் போக்குவரத்து, இழுபறி. 1993இல் ஆணையம் ஒதுக்கீட்டை ரத்து செய்து, 78 லட்சத்தையும் பறிமுதல் செய்தது. அடுத்த ஆண்டே அதே மனையை மறு ஏலம் விட்டு 11 கோடியே 78 லட்சம் ரூபாய் பெற்றது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2015 ஜனவரியில் நீதிபதிகள் ரஞ்சன் கோகோய், ரோஹின்டன் நாரிமன் ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, ஒப்பந்த மீறலுக்காக ஒரு தொகை குறிப்பிடப்பட்டிருந்தாலும், இழப்பு ஏற்பட்டிருந்தால்தான் நியாயமான ஈடு பெற முடியும். இழப்பே இல்லாத இடத்தில் பறிமுதல் செய்ய முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. ஆணையத்துக்கு இழப்பு எதுவும் இல்லை, லாபமே கிடைத்திருந்தது. பணத்தைத் திருப்பித் தருமாறு உத்தரவிடப்பட்டது.

இழப்பை அளவிடவே முடியாத சில ஒப்பந்தங்களுக்கு அந்தத் தீர்ப்பே விலக்கு வைத்திருக்கிறது. ஆனால் ஒரு சுவருக்கு வெள்ளையடிக்க என்ன செலவாகும் என்பது அளவிட முடியாத மர்மம் அன்று. பத்தாம் மாதத்தில் ஒருவர் வெளியேறுகிறார், அடுத்த வாரமே அந்த வீட்டில் புதிய குடித்தனம் வருகிறது. அவ்வாறாயின் சொந்தக்காரர் இழந்தது என்ன? 'முன்பணம் திரும்பாது' என்று அச்சடித்த வரியைக் காட்டுவது மட்டும் போதாது. அவர் இழப்பைக் காட்ட வேண்டும். மனை ஏலத்துக்குப் பொருந்தும் நியாயம் மாடி அறைக்கும் பொருந்தும்.

ஆனால், 78 லட்சம் போட்ட நிறுவனத்தால் இருபதாண்டுகளுக்கு மேல் வழக்கு நடத்த முடிந்தது. 24,000 ரூபாய் போட்ட செவிலியரால் முடியுமா? திஸ் ஹசாரி நீதிமன்றத்துக்கு ஒரு நாள் சென்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். நான்கு வாய்தாவில் வழக்கின் தொகையில் பாதி கரைந்துவிடும். இது சொந்தக்காரருக்கும் தெரியும். இருவரில் பணம் எவர் கையில் இருக்கிறதோ அவர் காத்திருக்கலாம். மற்றவர் வழக்குப் போட வேண்டும். முன்பணத்தின் சூட்சுமம் முழுவதும் இவ்வளவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. வீட்டுச் சொந்தக்காரர் என்றாலே வர்க்க எதிரி என்று பேசிவிடுவது எளிது. 1872இல் லைப்சிக் நகரத்திலிருந்து வெளிவந்த ஏட்டில் வீட்டுவசதிப் பிரச்சினை பற்றி எழுதிய எங்கெல்ஸ், வாடகைதாரருக்கும் சொந்தக்காரருக்கும் உள்ள உறவு, தொழிலாளிக்கும் முதலாளிக்கும் உள்ள உறவு போன்றதன்று என்பதைத் தெளிவுபடுத்தினார். தில்லியின் நகர்ப்புறக் கிராமங்களில் ஐந்து மாடிகள் எழுப்பி ஐம்பது அறைகளை வாடகைக்கு விடுபவர் ஒரு வகை. மறுகுடியமர்த்தல் காலனியில் இருபத்தைந்து கஜ மனையில் கீழே தாம் இருந்துகொண்டு, ஓய்வூதியம் இல்லாத முதுமைக்காக மேல் அறையை வாடகைக்கு விடும் முன்னாள் ஆலைத் தொழிலாளி இன்னொரு வகை. இரண்டாமவர் பணத்தைத் திருப்பித் தராததற்குப் பெரும்பாலும் காரணம், அந்தப் பணம் அவரிடம் இல்லை என்பதே. மகளின் திருமணத்திலோ மருத்துவமனையிலோ அது செலவாகியிருக்கும். அடுத்த வாடகைதாரர் தரும் முன்பணத்தில்தான் முந்தையவருக்குக் கொடுக்க முடியும். அதனால்தான் 'ஆள் வரட்டும், தருகிறேன்' என்ற பதில். அவரைத் திட்டித் தீர்ப்பதால் பணம் வராது. பணம் அவர் கைக்குப் போகாமலே இருந்திருக்க வேண்டும்.

இது கற்பனைக் கோரிக்கை அன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கென அரசு வாரியமே உண்டு. முன்பணம் அங்கே வைக்கப்படுகிறது. சொந்தக்காரர் அதைச் செலவிட முடியாது. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், வாடகைதாரரின் முன்பணத்தை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். இப்போது அதற்கு 30 நாள் கெடு. சேர்க்கத் தவறினால் அந்தத் தொகையைப் போல் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை தண்டமாக வாடகைதாரருக்கே கொடுக்க வேண்டிவரும். சேதம் பற்றித் தகராறு எழுந்தால் அத்திட்டமே நீதிமன்றத்துக்கு வெளியே கட்டணமின்றித் தீர்த்து வைக்கும். இரண்டும் சோஷலிச நாடுகள் அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் ஒன்றிய அரசு என்ன செய்தது? 2021 ஜூன் 2ஆம் நாள் ஒன்றிய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. குடியிருப்புக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது. வீடு திரும்பக் கையளிக்கப்படும்போதே, உரிய பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்று அதில் உள்ளது. பழுதுபார்ப்பையும் அட்டவணையாகப் பிரித்திருக்கிறது. கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்கு வண்ணம், குழாய் மாற்றுதல், மின்கம்பி ஆகியவை சொந்தக்காரருக்கு. சாக்கடை அடைப்பு, சுவிட்சு, குழாய் வாஷர், கீசர், ஜன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரருக்கு. சொந்தக்காரர் செய்யாததை வாடகைதாரர் செய்தால், மாத வாடகையில் பாதி வரை மாதந்தோறும் கழிக்கலாம். இவற்றை நல்லவை என்று ஒப்புக்கொள்வதில் தயக்கம் தேவையில்லை. ஆனால் அதே சட்டம் வாடகையை முழுவதும் சந்தைக்கு விட்டுவிடுகிறது. காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் முதல் இரண்டு மாதம் இரட்டிப்பு வாடகையும் பிறகு நான்கு மடங்கும் வாங்கலாம் என்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகர்ப்புறங்களில் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. அவற்றைச் சந்தைக்கு இழுப்பதே இச்சட்டத்தின் நோக்கமாகச் சொல்லப்பட்டது. எழுதியவர்கள் யாரை நினைத்து எழுதினர் என்பது இதிலேயே தெரிகிறது. தவிரவும், இது மாநிலங்களுக்கான மாதிரி மட்டுமே. தில்லியின் ஏட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் 3,500 ரூபாய்க் கோடும் அப்படியே இருக்கின்றன.

தமிழ்நாட்டிலிருந்து வந்தோர், அங்கு நிலைமை பரவாயில்லை என்று நினைக்கக்கூடும். பத்து மாத 'அட்வான்ஸ்' சென்னையின் பழைய வழக்கம். 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகையை மீறக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றது. ஆனால் அந்த மூன்று மாத வரம்புக்கு, 'மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்ற வால் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஒப்பந்தத்தை யார் எழுதுகிறார் என்ற பழைய கேள்விக்கே மீண்டும் வந்து சேர்கிறோம்.

காகிதம் இல்லாததன் விலையைத் தில்லி 2020இல் கண்டது. ஊரடங்கின்போது, மார்ச் 29ஆம் நாள், தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று ஒன்றிய உள்துறை ஆணையிட்டது. அதே நாளில் தில்லி முதல்வராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவால், வாடகை கொடுக்க முடியாத ஏழைகளுக்காக அரசே கொடுக்கும் என்று செய்தியாளர்களிடம் அறிவித்தார். வாக்குறுதி நிறைவேறாத நிலையில் கூலித் தொழிலாளர்கள் உயர்நீதிமன்றம் சென்றனர். முதலமைச்சரின் வாக்குறுதி செயல்படுத்தத்தக்கதே என்று 2021 ஜூலையில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. செப்டம்பரில் அத்தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் பணம் கொடுக்க அரசு முன்வந்திருந்தாலும், ரசீதும் ஒப்பந்தமும் இல்லாமல் தாம் வாடகைதாரர்தான் என்பதை எத்தனை பேரால் காட்டியிருக்க முடியும்?

இந்த நகரத்தில் வாடகைதாரரின் புகைப்படமும் ஆதார் நகலும் சொந்த ஊர் முகவரியும் காவல் நிலையத்துக்குப் போய்விடுகின்றன. விவரம் தராத சொந்தக்காரர்மீது வழக்கும் தொடரப்படுகிறது. அவர் எங்கிருந்து வந்தவர் என்பதற்கு அரசிடம் பதிவேடு உண்டு. அவர் கொடுத்த 24,000 ரூபாய்க்கு எந்தப் பதிவேடும் இல்லை. காவல் நிலையத்தில் படிவம் சேரும் அதே நாளில் முன்பணத்தின் தொகையையும் ஓர் அலுவலகத்தில் பதிவு செய்ய முடியாத தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. முன்பணம் மூன்றாம் இடத்தில் வைக்கப்பட வேண்டும். 44ஆம் பிரிவின் பாதுகாப்பு 3,500 ரூபாய்க் கோட்டைத் தாண்டி எல்லாக் குடியிருப்புக்கும் நீட்டிக்கப்பட வேண்டும். தில்லியின் வாடகைதாரர்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை. 2024 ஜூலையில் பழைய ராஜீந்தர் நகரில் தரைக்கீழ் நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தபோது, தெருவில் அமர்ந்த மாணவர்கள் வாடகையை ஒழுங்குபடுத்தக் கோரியதையும் நினைவில் கொள்ள வேண்டும். அத்தகைய கொந்தளிப்பு இரண்டு வாரத்தில் அடங்கிவிடுகிறது. வாடகைதாரர் இடம் மாறிக்கொண்டே இருப்பவர். அவரை ஒரு சங்கமாகத் திரட்டுவது ஆலைவாயிலில் திரட்டுவதைவிடக் கடினம்.

அதுவரை என்ன செய்வது? முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்கலாகாது. வங்கி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ செலுத்தி, 'இன்ன முகவரிக்கு முன்பணம்' என்ற குறிப்பும் சேர்க்க வேண்டும். சொந்தக்காரர் ரொக்கம்தான் வேண்டும் என்றால், ஒப்பந்தத்திலேயே தொகையை எழுதி வாங்க வேண்டும். சாமான் இறக்கும் முன், காலியான வீட்டைச் சுவர் சுவராகப் படமெடுத்து, அன்றே சொந்தக்காரரின் வாட்ஸ்அப்பிற்கு அனுப்பிவிட வேண்டும். ஏற்கெனவே உடைந்த கண்ணாடி உடைந்தே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் காட்டச் சான்றிதழ் தேவை என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே அந்தக் கைப்பேசியை விற்றுவிடாமல் வைத்திருப்பது நல்லது. பழுது ஏற்பட்டால் தொலைபேசியில் சொன்னால் மட்டும் போதாது, எழுதி அனுப்ப வேண்டும். சட்டம் கேட்பது எழுத்துமூல அறிவிப்பையே. 'நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்று அவர் வாயால் சொன்னால், 'நீங்கள் சொன்னபடி செய்கிறேன், மதிப்பீடு இவ்வளவு, வாடகையில் கழித்துக்கொள்கிறேன்' என்று உடனே எழுதிவிட வேண்டும். கொத்தனாரிடம் கையெழுத்திட்ட துண்டுச் சீட்டையாவது வாங்கி வைக்க வேண்டும்.

கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் முன்பணத்தில் கழித்துவிடுவது தில்லியில் பலரும் கையாளும் தந்திரம். பலவீனமானவரின் தற்காப்பு என்ற வகையில் அதைப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் எழுத்தில் ஒப்புதல் பெறாமல் செய்தால், அது வாடகை பாக்கியாகவே கருதப்படும். மின்சாரத்தைத் துண்டிக்கவும் சாமான்களைத் தடுத்து வைக்கவும் சாக்குக் கிடைத்துவிடும். தனியாக வாழும் பெண்களுக்கு இது கூடுதல் ஆபத்து. கடைசி மாதத்துக்கு முன்பே ஒரு முறை சொந்தக்காரரை அழைத்து வீட்டைச் சேர்ந்து பார்த்து, எதற்கு எவ்வளவு என்று எழுதிக்கொள்வது மேல். டெம்போ கீழே நிற்காத நாளில் நடக்கும் பேச்சு அது.

பணம் வராவிட்டால், வரவேண்டிய நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அதற்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தை அணுகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வழக்கறிஞர் இலவசம். பெண்களுக்கு வருமான வரம்பும் இல்லை. அந்தச் செவிலியர் தமது அடையாள அட்டையோடு போய் அமர்ந்தாலே போதும். வழக்குப் பதியுமுன்பே மக்கள் நீதிமன்றத்துக்கு விவகாரத்தை அனுப்ப முடியும். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இருவரும் சம்மதித்தால்தான் தீர்வு என்பது அதன் குறை. சம்மதித்துவிட்டால் அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்ற ஆணைக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. நோட்டீஸ் என்ற ஒரு தாள் சொந்தக்காரரின் வீட்டுக்குப் போகும்போது, கூடவே சங்கத்திலிருந்து நான்கு பேர் போய் மரியாதையாகப் பேசி வருவதும் சட்டத்துக்கு விரோதமானது அல்ல.